லாக் சூல் ஏரிக்கு ஓகஸ்டில் போகலாமா? பிடித்து விடுவதில் பாதகம் உண்டா?

கேள்வி, 9 பெப்ரவரி 2023

நாங்கள் ஆறு நண்பர்கள். ரொறன்ரோவில் இருந்து இந்த ஆண்டு முதன்முறையாக, ஒன்ராறியோவின் வடமேற்கில் உள்ள லாக் சூல் ஏரிக்கு வால்ஐ மீன் பிடிக்கப் போக எண்ணியிருக்கிறோம். பிள்ளைகளின் விடுமுறையையும் வேலையையும் பார்த்தால் ஓகஸ்ட் இரண்டாம் வாரந்தான் எல்லோருக்கும் பொருந்துகிறது. நல்ல நாளில் ஒருவர் 50, 60 மீன்கூடப் பிடிக்கலாம் என்று கேள்விப்பட்டோம். சாப்பாட்டுக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை உயிரோடு விட்டுவிடுவோம்; ஆகையால் எத்தனை பிடித்தாலும் ஏரிக்குப் பாதகம் இல்லை என்பது என் எண்ணம். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

11 பெப்ரவரி 2023

ஓகஸ்டில் தாராளமாகப் போகலாம். நாங்கள் 2010 முதல் ஆண்டுதோறும் போய்வருகிறோம். கொரோனாக் காலத்தில் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகள் மட்டும் தவறின. 2013 முதல் 2016 வரை நான்கு முறை ஓகஸ்டிலேயே போனோம். பின்னர் விடுப்பு ஒத்துவராததால் யூனுக்கு மாறினோம். ஓகஸ்டில் பெரிய கூட்டங்கள் கரையை விட்டு விலகி, நடு ஏரியில் நீருக்குள் மறைந்திருக்கும் பாறைத் திட்டுகளின் சரிவில், 30 முதல் 40 அடி ஆழத்தில் நிற்கும். சோனாரில் (ஒலியலையால் நீருக்கடியைக் காட்டும் கருவி) திட்டைக் கண்டுபிடித்துவிட்டால் படகை அசைக்காமலே நாள் முழுவதும் பிடிக்கலாம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கர்கள் வால்ஐ என்பதை ஒன்ராறியோவில் கடைக்காரரும் ஊர்க்காரரும் பிக்கரல் என்பார்கள். எழுத்தில் பார்த்து நம்முடைய வாளை மீன் என்று எண்ணிவிட வேண்டாம். இது பேர்ச் குடும்பத்து நன்னீர் மீன். கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு, அதனால் மங்கலான ஒளியில் மற்ற மீன்களைவிட நன்றாகப் பார்க்கும். விடியலும் அந்தியும் இதன் வேட்டை நேரங்கள். இரவில் தலைவிளக்கைத் திருப்பினால் நீருக்குள் பூனைக்கண் போல் மின்னும்.

வழி: 17ஆம் இலக்க நெடுஞ்சாலை, சுப்பீரியர் ஏரியின் வடகரையாக. ரொறன்ரோவில் இருந்து, ஏரிக்கு அருகிலுள்ள ஊரான சூ லுக்கவுட் 1,700 கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் வாவா என்ற ஊரில் ஓர் இரவு தங்குவோம். அது ஏறத்தாழ நடுவழி. இருட்டிய பின் ஓட்டாதீர்கள், மூஸ் மான் சாலையில் நிற்கும். தண்டர் பேயைத் தாண்டிய பிறகு கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னே வைக்க வேண்டும்.

இரை: அட்டைகளையும் மண்புழுவையும் இங்கேயே வாங்கி ஐஸ்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். வடக்கில் விலை கூட.

12 பெப்ரவரி 2023

நேற்று விதிகளை எழுத மறந்துவிட்டேன். முழு அனுமதிப்பத்திரம் உள்ளவர் ஒருவர் நான்கு பிக்கரல் வைத்துக்கொள்ளலாம்; குறைந்த விலைப் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்றால் இரண்டு. லாக் சூலுக்கெனத் தனி அளவு விதி உண்டு: 46 முதல் 53 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள மீன் எதையும் வைத்திருக்கக் கூடாது, 53க்கு மேல் ஒன்று மட்டும் வைக்கலாம். அந்த நடுத்தர அளவில்தான் முட்டையிடும் வலுவுள்ள பெண் மீன்கள் நிறைய இருக்கின்றன. வடக்கில் நீர் குளிர்ந்திருப்பதால் இந்த அளவை எட்ட மீனுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். நண்பகலில் கரையில் பொரித்து உண்டவையும் அன்றைய நான்கில் சேரும். சோகர் என்ற ஒத்த மீனும் அதே கணக்கில் வரும். பிக்கரலின் வாலின் கீழ்முனையில் வெள்ளைப் புள்ளி உண்டு, சோகருக்கு இல்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், ஆகவே புறப்படுமுன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

20 பெப்ரவரி 2023

இரையைப் பற்றி நான் 11ஆம் திகதி எழுதியது தவறு. எழுதியதைப் பார்த்த எங்கள் குழு நண்பர் ஒருவர் உடனே தொலைபேசியில் அழைத்துத் திருத்தினார். 2022 சனவரி முதல் ஒன்ராறியோ இரை மேலாண்மை வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரைமீனையும் அட்டையையும் ஒரு வலயத்தில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏரிக்கு அருகிலுள்ள கடையில் வாங்கி, வாங்கிய பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். காரணம் நியாயமானது: வாளி நீரோடு ஒரு நோயோ வேற்று மீனின் குஞ்சோ புது ஏரிக்குள் போய்விட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. மீந்த இரையையும் வாளி நீரையும் ஏரியிலோ, கரையில் இருந்து 30 மீற்றருக்குள்ளோ கொட்டுவதும் குற்றம். மண்புழுவுக்கு அந்த வலயக் கட்டுப்பாடு இல்லை. ஆயினும் பனியுகத்தில் பனிக்கட்டியாறுகள் மூடிக் கிடந்த அந்த வடகாடுகளுக்கு மண்புழு உரியதன்று. மீந்த புழுவைக் காட்டில் கொட்டினால் தரையை மூடியிருக்கும் இலைச்சருகுப் படுக்கையை அது தின்று குலைத்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போடுங்கள்.

3 மார்ச் 2023

மூன்று வாரமாக முதற்குறிப்பின் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. விடுப்பு ஒத்துவராததால் யூனுக்கு மாறினோம் என்று எழுதினேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை எழுதாமல் உங்களை ஓகஸ்டில் ஆழத்துக்கு அனுப்புவது சரியல்ல.

எங்கள் குழுவில் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்றே அழைப்போம். 2010இல் இருந்து அவர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம்: காற்று, நீரின் வெப்பம், எந்தத் திட்டு, எந்த இரை, யார் எத்தனை. 2016 ஓகஸ்டின் ஒரு பக்கத்தில் இரு படகுகளுக்கும் சேர்த்து 212 என்று எழுதியிருக்கிறது. எங்கள் எல்லா ஆண்டுகளிலும் அதுவே மிகப் பெரிய எண். அன்று முழுவதும் ஒரே திட்டின்மேல், 36 அடியில், பச்சை ஈயத்தலைத் தூண்டிலில் அட்டையைக் கோத்து இறக்கினோம். இறக்கியவுடன் இழுக்கும். 20 மீன் வைத்துக்கொண்டோம். மற்றவற்றை நீங்கள் சொல்வதுபோலவே உயிரோடு விட்டோம், அல்லது விட்டதாக நம்பினோம். ஒவ்வொன்றையும் மெதுவாக நீரில் வைத்தோம், அது வாலை அடித்தது, அடுத்ததைப் பிடித்தோம்.

மாலையில் காற்று விழுந்து ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. தங்குமிடத்துக்குத் திரும்பும்போது, திட்டில் இருந்து காற்றடித்த பக்கமாக, கடற்பறவைகள் கூட்டமாக இறங்கி எழுவதைப் பார்த்தோம். அண்ணைதான் படகைத் திருப்பச் சொன்னார். வெள்ளை வயிறு மேலே தெரிய மீன்கள் மிதந்தன. சிலவற்றின் செவுள் இன்னும் அசைந்தது. கீழே போக முயன்று முயன்று மறுபடி புரண்டன. கண்கள் வெளியே துருத்தியிருந்தன. பறவைகள் முதலில் அந்தக் கண்களைத்தான் கொத்தின. கண்ணுக்கு எட்டியவரை எண்ணினோம்: 31. நாங்கள் எண்ணாதவை எத்தனையோ. அவற்றில் பாதிக்கு மேல் 46 முதல் 53க்குள் இருந்திருக்கும், ஏனென்றால் அந்தத் திட்டில் பிடித்தவை பெரும்பாலும் அந்த அளவுதான். சட்டப்படி அவற்றை நாம் வைத்திருக்கவும் முடியாது. சாகும் மீனை எடுத்துச் சமைக்கவும் வழியில்லாமல், பறவைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்று இரவு அண்ணை 212 என்ற எண்ணின் அருகே 31 என்று எழுதினார். வேறு எதுவும் எழுதவில்லை. அடுத்த ஆண்டு யூனுக்கு மாறலாம் என்று சொன்னவர் அவர்தான். விடுப்புச் சிக்கலும் இருந்தது என்பது உண்மை. எனக்கு அந்தக் காரணத்தைச் சொல்வது எளிதாக இருந்தது.

5 மார்ச் 2023

அந்த மீன்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். மென்மையாகக் கையாண்டால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது, ஏனெனில் காயம் கையால் ஏற்படுவதில்லை.

மீனின் உடலுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. நீரில் தாழாமலும் மிதக்காமலும் நிற்க அதுதான் உதவுகிறது. ஏரி ட்ரவுட் போன்ற மீன்களில் அந்தப் பையில் இருந்து தொண்டைக்கு ஒரு குழாய் போகிறது. மேலே வரும்போது மிகுந்த காற்றை அவை வாய்வழியே விட்டுவிடும். பிக்கரலுக்கு அந்தக் குழாய் இல்லை. அது காற்றை இரத்தத்தின் வழியாக மட்டுமே, மெல்ல மெல்ல, கூட்டவும் குறைக்கவும் முடியும். 33 அடி ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரு மடங்கு. அங்கிருந்து அரை நிமிடத்தில் இழுத்தெடுத்தால் பைக்குள் இருக்கும் காற்று இரு மடங்காக விரிகிறது. குடலையும் இரைப்பையையும் நெருக்கி, சில மீன்களில் இரைப்பையை வாய்க்குள் தள்ளிவிடுகிறது, கண்களைத் துருத்துகிறது, இரத்தத்தில் குமிழ்கள் உண்டாகின்றன. சில மீன்கள் விட்டவுடன் வாலடித்து ஆழத்துக்குப் போய்விடும், ஆனால் உள்ளே சிதைந்திருக்கும். எங்களை ஏமாற்றியது அந்த வாலடிதான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை இது. 10, 15 அடி நீரில், குளிர்ந்த பருவத்தில், ஈரக்கையால் பிடித்து உடனே விட்ட மீன் பெரும்பாலும் பிழைக்கும். 30 அடிக்குக் கீழிருந்து எடுத்ததை விடுவது விடுவதாகாது. அங்கே தூண்டில் போடுபவர் எடுத்ததையெல்லாம் வைத்துக்கொண்டு நான்கோடு நிறுத்த வேண்டும்; ஆனால் அளவு விதி அதற்கும் இடம் தராது, ஏனெனில் அடுத்து வருவது எந்த அளவு என்று மேலே வரும்வரை தெரியாது. மிஞ்சும் வழி அந்த ஆழத்தில் போடாமல் இருப்பதுதான்.

6 மார்ச் 2023

ஊசியால் காற்றுப்பையைக் குத்தி விடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். பையைத் தேடி ஈரலையும் சிறுநீரகத்தையும் குத்துவதே நடக்கிறது. ஒன்ராறியோ அரசும் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. பாரம் கட்டிய கவ்வியால் மீனின் தாடையைப் பிடித்து மீண்டும் ஆழத்துக்கு இறக்கி விடும் கருவி ஒன்று உண்டு. தவறிப்போய் ஆழத்தில் பிடித்த ஒன்றிரண்டு மீனுக்கு அது உதவும். நாளுக்கு 50 மீனை இப்படி இறக்கலாம் என்று எண்ணிக்கொண்டு ஆழத்துக்குப் போக அது அனுமதிச்சீட்டு ஆகாது.

18 ஏப்ரல் 2023

ஏரியில் மரக்கட்டைகள் ஏன் இத்தனை என்று கேட்டதற்கு ஒற்றை வரியில் விடை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

லாக் சூல் இன்று இருக்கும் உருவில் இயற்கையான ஏரி அன்று. இங்கிலீஷ் ஆற்றின்மேல் இயர் ஃபால்ஸில் 1929இல் அணை கட்டி முடிக்கப்பட்டது; மின்சாரம் வினிப்பெக் நகருக்கு. நீர் ஏறத்தாழ 3 மீற்றர் உயர்ந்தது. காட்டை வெட்டாமலே மூழ்கடித்ததால் அடிமரங்கள் இன்றும் நீருக்குள் நிற்கின்றன. மிதக்கும் கட்டைகளும் அங்கிருந்தே வருகின்றன. முதல் ஆண்டில் எங்கள் படகின் விசிறி ஓர் அடிமரத்தில் மோதி உடைந்தது. புதிய குடாவுக்குள் போகும்போது வேகத்தைக் குறைத்து, ஒருவர் முன்னணியத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மூழ்கியது காடு மட்டுமல்ல. லாக் சூல் முதற்குடி மக்களின் நிலத்தில் ஏறத்தாழ 11,000 ஏக்கர் நீருக்குள் போனது. வீடுகள், தோட்டங்கள், கல்லறைகள், அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறுவடை செய்த காட்டரிசி வயல்கள் அனைத்தும் போயின. கெஜிக் பே என்ற ஊர் தீவாகியது. அவர்களிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை. 1943இல் ஏறத்தாழ 50,000 டொலர் அவர்கள் கணக்கில் போடப்பட்டது. வழக்கு இந்த நூற்றாண்டு வரை நடந்தது. கீழ் நீதிமன்றம் 3 கோடி டொலர் இழப்பீடு விதித்தது. அந்த நிலம் மின்திட்டத்துக்கு எவ்வளவு பெறுமதியுடையதாக இருந்தது என்பதைக் கணக்கில் கொண்டு இழப்பீட்டை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2021 யூலையில் தீர்ப்பளித்தது.

நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தவன். 1990இல் போரால் நாங்கள் விட்டு வெளியேறிய துறைமுகம் 2017இல்தான் மக்களிடம் திரும்ப வந்தது. என் தகப்பனார் அதைப் பார்க்க இருக்கவில்லை. ஆகவே அந்த ஏரியில் சோனார்த் திரையில் அடிமரங்கள் வரிசையாகத் தெரியும்போது நான் அவற்றை மீன் ஒதுங்கும் இடமாக மட்டும் பார்ப்பதில்லை. அங்கே தூண்டில் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதற்குடி மக்களில் பலர் அந்த ஏரியில் வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள், எங்கள் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஏரியைக் காட்டித் தந்தவரும் அவர்களில் ஒருவர். எந்தத் திட்டில் மீன் உண்டு என்பதோடு அந்தத் திட்டு முன்பு என்னவாக இருந்தது என்பதையும் அவர் சொன்னார். வழிகாட்டி வைக்க உங்களிடம் பணம் இருந்தால் முதல் இரு நாட்களுக்காவது வையுங்கள்.

2 மே 2023

பாதரசம் பற்றிய கேள்வி. இதில் இரண்டு செய்திகள் கலந்து பேசப்படுகின்றன. டிரைடன் நகரத்துக் காகித ஆலையில் இருந்து 1962 முதல் 1970 வரை வபிகூன் ஆற்றில் கொட்டப்பட்ட பாதரசம் கிராசி நரோஸ், வபசீமூங் ஆகிய முதற்குடி மக்களைப் பாழாக்கியது. அந்தத் துயரம் இன்றும் தீரவில்லை. ஆனால் வபிகூன் ஆறு இங்கிலீஷ் ஆற்றோடு சேர்வது இயர் ஃபால்ஸுக்குக் கீழே. லாக் சூல் அதற்கு மேலே இருக்கிறது. அந்த ஆலையின் பாதரசம் நீரோட்டத்தோடு இங்கே வருவதற்கு வழி இல்லை.

அதற்காகப் பாதரசமே இல்லை என்று பொருளல்ல. வடக்கு ஏரிகளில் எல்லாம் ஓரளவு உண்டு. மற்ற மீனைத் தின்று வாழும் மீனில், அது வயதாக ஆக, பெருக ஆக, பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். ஒன்ராறியோ அரசு ஏரிவாரியாக, மீன்வாரியாக, நீளவாரியாக மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. கருத்தரிக்கக் கூடிய பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. வீட்டுக்குக் கொண்டுவருவதானால் அதைப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். நாங்கள் 53க்கு மேற்பட்ட அந்த ஒரு மீனை வைத்துக்கொள்வதே இல்லை. 38, 40 சென்ரிமீற்றர் மீன்தான் சுவையும்கூட.

சமையல்: ஊர்க்காரர்கள் மாவில் புரட்டி, உருளைக்கிழங்கோடும் வெங்காயத்தோடும் கரையிலேயே பொரிப்பார்கள். நாங்கள் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, தேசிக்காய்ப் புளி தடவி அரை மணிநேரம் வைத்து இரும்புச் சட்டியில் பொரிக்கிறோம். தலையையும் நடுமுள்ளையும் எறியாதீர்கள். பால்மாவில் தேங்காய்ப்பால் கரைத்தாலும் நல்ல சொதி வரும். கன்னச்சதை இரண்டு துண்டுதான், சிறியதுதான், ஆனால் அந்த மீனிலேயே மிகச் சிறந்தது. எங்கள் வழக்கத்தில் அது அன்று படகோட்டியவருக்கு உரியது.

ஊருக்குக் கொண்டுவரும் மீனைப் பொதி செய்யும்போது தோலில் பெரிய துண்டு ஒட்டியிருக்க வேண்டும், எத்தனை மீன் என்று பிரித்து எண்ணக் கூடியதாக இருக்க வேண்டும். அளவு விதி உள்ள ஏரி என்பதால் நீளமும் அளக்கக் கூடியதாக இருக்க வேண்டும். எனவே நீளம் தெரியாதபடி அரிந்த சதையைக் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

3 மே 2023

நேற்றைய சொதி வரி தவறாக வந்துவிட்டது. தேங்காய்ப்பால் மாவைக் கரைத்தாலும் நல்ல சொதி வரும் என்று எழுதியிருக்க வேண்டும். பால்மாவைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தேடாதீர்கள்.

24 யூன் 2023

போய்வந்தோம். யூன் 10 முதல் 17 வரை, ஐந்து பேர். அண்ணை வரவில்லை, முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் படகில் ஏறி இறங்க மருத்துவர் சம்மதிக்கவில்லை. குறிப்பேட்டை என் கையில் தந்து அனுப்பினார்.

முதல் மூன்று நாட்களும் காற்றே இல்லை. நீர் அசையாமல் கிடந்தால் ஒளி நேராக உள்ளே இறங்கும், பிக்கரல் ஒதுங்கிவிடும். கருஈ பகலில் கடித்தது, நுளம்பு மாலையில் கடித்தது. மூன்று நாட்களிலும் ஐவருக்கும் சேர்த்து 27 மீன். குழுவில் இளையவர் மூன்றாம் நாள் மதியம் அந்தப் பழைய திட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்போமே என்றார். அவர் 2016இல் எங்களோடு இருக்கவில்லை. நான் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவரிடம் கொடுத்தேன். இரு எண்களையும் பார்த்துவிட்டு, 31 என்றால் என்ன என்று கேட்டார். சொன்னோம். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான்காம் நாள் விடியலில் மேற்கே இருந்து காற்று எழுந்தது. என் தகப்பனார் அதைக் கச்சான் என்பார். மயிலிட்டியில் அந்தக் காற்றுக்கு எந்த வலை, எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். லாக் சூலில் அந்தக் காற்று அடித்தால் அது மோதும் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். அலை கரையைக் கலக்கும், சிறு மீன்கள் நிலைதடுமாறும், நீருக்குள் ஒளி உடையும், பிக்கரல் பட்டப்பகலில் ஆழமற்ற நீருக்கு ஏறி வரும். 8 முதல் 12 அடி நீரில், பாறைமுனை ஒன்றின் ஓரமாக, பொன்னிற ஈயத்தலையில் இரைமீன் கோத்து மெதுவாக இழுத்தோம். அந்த ஏரி நீர் தேநீர் நிறம், அதில் பொன்னிறம் நன்றாகத் தெரியும். மதியத்துக்குள் 40க்கு மேல். விட்டவை எல்லாம் கையில் இருந்து கல்லைப்போல் கீழே போயின. அரை மணிநேரம் கழித்து அதே கரையோரமாகத் திரும்பிவந்து பார்த்தோம். ஒன்றும் மிதக்கவில்லை. பறவை ஒன்றும் இல்லை.

குறிப்பேட்டில் இந்த முறை நான் ஒரு புதிய நிரல் போட்டேன்: எத்தனை அடியில் பிடித்தது. பழைய பக்கங்களைப் புரட்டியபோது அண்ணை அதைச் சில இடங்களில் ஏற்கெனவே ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார், 2011இல் இருந்தே. நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

30 ஓகஸ்ட் 2023

கேள்வி கேட்டவர் போய்வந்து விரிவாக எழுதியிருக்கிறார், மிக்க மகிழ்ச்சி. ஓகஸ்டை மாற்ற முடியாததால் அவர்கள் ஓகஸ்டிலேயே போனார்கள். என் 11 பெப்ரவரிக் குறிப்பைப் பின்பற்றாமல் 5 மார்ச்சுக் குறிப்பைப் பின்பற்றினார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 20 அடிக்குக் கீழே தூண்டில் இறக்குவதில்லை என்று ஆறு பேரும் புறப்படுமுன்பே பேசிவைத்துக்கொண்டு, விடியலிலும் அந்தியிலும் நீர்ச்செடிப் படுக்கைகளின் ஓரத்திலும் காற்றடித்த கரைகளிலும் பிடித்திருக்கிறார்கள். நடுப்பகலில் தூங்கினார்களாம். ஆறு நாளில் ஆறு பேருக்கும் சேர்த்து 118.

ஓகஸ்டைப் பற்றி நான் அறியாத ஒன்றை அவர் எனக்குக் கற்பித்திருக்கிறார். நான்கு ஆண்டுகள் ஓகஸ்டில் போயும் நாங்கள் செடிப்படுக்கைப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. பகல் முழுவதும் திட்டின்மேல் நின்றால் அந்தியில் களைத்துத் திரும்பிவிடுவோம். அந்த நேரத்தில் மீன் 12 அடிக்கு ஏறி வந்திருக்கிறது. ஓகஸ்ட் என்றாலே ஆழம் என்று முதற்குறிப்பில் எழுதியதை மீளப் பெற்றுக்கொள்கிறேன். பருவத்தில் குற்றம் இல்லை, நாங்கள் நின்ற இடத்தில்தான் குற்றம்.

ஒரு திருத்தம் மட்டும். நீர் வெதுவெதுப்பாக இருக்கும் காலத்தில் மீனைப் படம் எடுப்பதற்காகக் காற்றில் வைத்திருக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும். அவர் இணைத்த படங்களில் ஒரு மீன் நான்கு கைகள் மாறியிருக்கிறது. ஒருவர் பிடித்ததை அவரே, கொக்கியைக் கழற்றும்போது, நீருக்கு மேலே ஒரே ஒரு படம். எங்கள் வழக்கம் இப்போது அது.

14 சனவரி 2024

யூன் 8 முதல் 15 வரை அறைகள் பதிவாகிவிட்டன. அண்ணை வருகிறார். முழங்கால் ஆறிவிட்டது, படகில் ஏற ஒரு சிறு ஏணி செய்து கொண்டுவருகிறோம். அவருடைய மகளும் வருகிறார், எங்கள் குழுவில் முதற் பெண். அவர் கேட்ட முதற் கேள்வி, தகப்பனாரின் குறிப்பேட்டில் 212இன் அருகே 31 என்று ஏன் இருக்கிறது என்பதுதான். அதை அண்ணையே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கேள்வி கேட்ட நண்பர் குழுவும் அதே வாரம் யூனுக்கு மாறியிருக்கிறது. நான்காம் நாள் மதியம் கிழக்குக் கரையின் பாறைமுனையில் எங்கள் அடுப்புப் புகை தெரியும், வாருங்கள். சட்டி எங்களுடையது, தேசிக்காய் நீங்கள் கொண்டுவாருங்கள்.